பெண்ணுடலில் ஏற்ற இறக்கம் இயல்பே

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், மகளிர் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு “மகளிர் நலமும் கல்வியும்” என்பதாகும். கடல்போல் விரிந்த தலைப்பு. அதில் ஒரு துறையில் மட்டும் இறங்கிக் குளித்துக் கரையேற எண்ணுகிறேன். நலமாக வாழும் ஒரு பெண்ணின் இரத்தத்தில், மகப்பேற்றுக்குரிய ஹார்மோன்கள், அதாவது இயக்குநீர்கள், மாதந்தோறும் ஏறி இறங்குவதே என் பேச்சின் பொருள். ஆண்மகன் ஒருவன், அதுவும் ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியன், மேடையேறி இதைப் பேசலாமா என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் நினைப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பொறுத்தருள வேண்டுகிறேன். பள்ளி அறிவியல் நூலில் இப்பாடத்தை அரசே அச்சிட்டுத் தந்திருக்கிறது. ஆயினும், அந்தப் பக்கம் வந்ததும் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று கூறி அடுத்த பாடத்துக்குத் தாவும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உண்டு. வீட்டில் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? தாய்க்கும் அதை ஒருவரும் சொல்லித் தரவில்லையே! நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், மருத்துவன் அல்லன். மருத்துவர் எழுதியவற்றைப் படித்து, விளங்கிக்கொண்ட அளவில் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மாதவிலக்கு என்கிறோம், வீட்டுக்கு விலக்கு என்கிறோம், தூரம் என்கிறோம், தீட்டு என்கிறோம். நம்மவர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. விலக்கு, தூரம், தீட்டு ஆகிய மூன்று சொற்களையும் ஊர் நம்மீது எத்தனை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்தது என்பதை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். எட்டி நில் என்று சொன்ன அதே நாவுதான் மாதத்தில் மூன்று நாள் தன் வீட்டுப் பெண்ணையும் எட்டி நில் என்று சொல்லிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் நம் தெருக்களிலும் சில வீடுகளில் திண்ணையோரத்தில் தனித் தட்டும் தனிப் பாயும் இன்னும் ஒழியவில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டருகே அமர்ந்து தேர்வெழுத நேர்ந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அச்சிறுமி நம் சமூகங்களுள் ஒன்றைச் சேர்ந்தவள். அவளை வெளியே அமர்த்தியது எந்தத் தீட்டு என்று பிரித்துச் சொல்லத்தான் முடியுமா?

இனி உடலுக்கு வருவோம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. அதன்கீழ்ப் பட்டாணிக் கடலையளவில் தொங்குவது பிட்யூட்டரிச் சுரப்பி. அடிவயிற்றில் இரு பக்கமும் சினைப்பைகள். இம்மூன்றுக்கும் இடையே இடைவிடாது தூது நடைபெறுகிறது. மேலிருந்து வரும் ஆணையைச் சுமக்கும் தூதுவர்கள் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரு இயக்குநீர்கள்; கீழிருந்து மறுமொழி கொண்டு செல்வோர் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இருவர்.

மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொள்வது மருத்துவ வழக்கு. அந்நாள்களில் ஈஸ்ட்ரோஜன் மிகத் தாழ்ந்திருக்கும். எஃப்.எஸ்.எச். சற்று உயர்ந்து, சினைப்பையிலுள்ள நுண்பைகள் சிலவற்றை வளரச் செய்யும். அவற்றுள் ஒன்று முந்திக்கொள்ளும். வளரும் நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஏரி நிறையும்போது மடையை அடைப்பதுபோல், ஈஸ்ட்ரோஜன் உயர உயர மேலிருந்து வரும் ஆணை குறைகிறது. இதுவரை கணக்கு எளிது. வியப்பு இதன் பின்னரே வருகிறது. ஈஸ்ட்ரோஜன் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு நாள்கள் அங்கேயே நிலைத்து நின்றால், அதுகாறும் ஆணையைத் தடுத்து வந்த அதே ஈஸ்ட்ரோஜன் இப்போது ஆணையைத் தூண்டுகிறது. எல்.எச். வெள்ளமெனப் பெருக்கெடுக்கிறது. அப்பெருக்குத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நாளில் நுண்பை வெடித்துச் சினைமுட்டை வெளிப்படுகிறது. முட்டையை இழந்த நுண்பை வீணாவதில்லை; மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அதனால் உடல் வெப்பமும் சிறிது, அரை டிகிரி செல்சியசுக்கு உட்பட்டே, உயர்கிறது. கரு தங்காவிடில் இரண்டு வாரங்களில் அம்மஞ்சள் சுரப்பி தேய்ந்துவிடும். புரோஜெஸ்டிரோன் விழும். கருவுக்கென விரித்து வைத்த மெத்தை கலைந்து உதிரமாக வெளியேறும். கெட்ட இரத்தம் என்று ஒன்று அதில் இல்லை. கைவிரலில் முள் குத்தினால் வருகிறதே, அதே இரத்தம்தான்; கூடக் கருப்பையின் உட்சுவர்த் திசு சிறிது.

இப்போது அளவுகளைக் கேளுங்கள். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பகுத்தால் ஒரு பங்குக்குப் பிகோகிராம் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் வகையுள் முதன்மையான எஸ்ட்ரடையால், மாதவிடாய் நாள்களில் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் சுமார் 30 முதல் 50 பிகோகிராம் வரை இருக்கும். முட்டை வெளிப்படுவதற்கு முன் அதுவே 200, 300, சிலரிடம் 400 வரை உயரும். புரோஜெஸ்டிரோனோ, முற்பாதியில் ஒரு நானோகிராமுக்கும் குறைவு. பிற்பாதியின் நடுவில் பத்து மடங்குக்கு மேலும் ஏறும். நோயில்லாத, நல்ல உடல்நலம் வாய்ந்த பெண்ணின் கணக்கு இது.

இத்தனை நுண்ணிய அளவை எவ்வாறு கண்டறிந்தனர் என்று கேட்பீர்கள். அங்கே ஒரு பெண்மணியின் வரலாறு இருக்கிறது. மாணவிகள் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1921இல் பிறந்தவர் ரோசலின் யாலோ. அவருடைய பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை எட்டாதவர்கள். இயற்பியல் படித்த அவருக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஒரு பேராசிரியரிடம் சுருக்கெழுத்துச் செயலராகச் சேர்ந்து, அந்தப் பக்கவழியாகப் படிக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. 1941இல் இல்லினாய் பல்கலைக்கழகம் இடமளித்தது. பொறியியல் கல்லூரி ஆசிரியர் குழுவின் நானூறு பேருள் அவர் ஒருவரே பெண். பின்னர் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, கதிரியக்கத்தைக் கொண்டு இரத்தத்தில் இயக்குநீர்களை அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்குக் காப்புரிமை வாங்கிப் பொருள் சேர்க்க அவ்விருவரும் விரும்பவில்லை. 1972இல் பெர்சன் மறைந்தார். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளையிலிருந்து பிட்யூட்டரிக்குச் செல்லும் தூதுப் பொருள்களைக் கண்டறிந்த கில்லமின், ஷேலி இருவரும் அதே ஆண்டில் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எழுதப் படிக்க நேரமில்லாத வீட்டில் பிறந்த பெண் எதைச் சாதிப்பாள் என்று கேட்போர்க்கு இவர் பெயரைச் சொல்லுங்கள்.

அளக்கும் கருவி கைக்கு வந்தபின்பே ஏற்ற இறக்கத்தின் முழு உருவமும் தெரிந்தது. மாதக் கணக்கில் மட்டுமன்று, மணிக் கணக்கிலும் இவை ஏறி இறங்குகின்றன. மூளையின் தூது இடையறாத ஒழுக்காக வருவதில்லை. ஏற்றம் இறைப்பதுபோல் சால் சாலாக வருகிறது. முற்பாதியில் ஏறத்தாழ ஒன்று ஒன்றரை மணிக்கு ஒரு முறை. பிற்பாதியில் மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை. எர்னஸ்ட் நோபில் என்னும் அறிஞர் 1970களின் இறுதியில் குரங்குகளைக் கொண்டு இதனைச் சோதித்தார். தூதுப் பொருளை மணிக்கொரு முறை செலுத்தியபோது சினைப்பைக்குரிய ஆணைகள் ஒழுங்காகப் பிறந்தன. இடைவிடாமல் செலுத்தியபோதோ அவை அடங்கிவிட்டன! ஏறி இறங்குவது உடலின் கோளாறு அன்று. ஏறி இறங்காவிட்டால்தான் கோளாறு.

1984இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. நலமான பெண்களிடமிருந்து பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை, 24 மணி நேரம், இரத்தம் எடுத்து ஆராய்ந்தனர். சுழற்சியின் பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் 2.3 நானோகிராம் என்னும் தாழ்விலிருந்து 40.1 நானோகிராம் என்னும் உயர்வு வரை, பல வேளைகளில் சில நிமிடங்களுக்குள்ளேயே, மாறிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தவன் நீர் ததும்புகிறது என்பான். இறைத்து முடித்த வேளையில் பார்த்தவன் கிணறு வற்றிவிட்டது என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிணற்றைத் தூர்த்துவிடச் சொன்னால் அவனை என்னென்பது? “உன் மகளுக்கு ஹார்மோன் சரியில்லை” என்று ஒரு தாளை நீட்டினால், அஞ்சி நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். சுழற்சியின் எத்தனையாவது நாளில் எடுத்த இரத்தம், மீண்டும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நாள் கணக்கிலும் இதே நிலைதான். இருபத்தெட்டு நாள் என்று பாடநூல் சொல்கிறது. இரண்டு நாள் தள்ளினால் வீட்டில் பேச்சு எழுகிறது. பள்ளிப் பெண்ணானால் சந்தேகமும் எழுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் ட்ரெலோர் என்பவர் 1934இல் மாணவிகளிடம் குறிப்பேடு தந்து, மாதவிடாய் நாள்களைக் குறித்து வரச் செய்தார். ஆண்டுக் கணக்கில் அவர்கள் குறித்தனர். 1967இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் சுமார் 2,700 பெண்களின் ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் சுழற்சிகள் இடம்பெற்றன. பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளிலும் நாள்கள் பெரிதும் முன்பின்னாகின்றன. நடுவயதில் ஓரளவு அடங்குகின்றன. 2019இல் கைபேசிச் செயலி வழியாக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தபோது, சராசரி 29.3 நாள் என்றும், சரியாக 28 நாளில் முடிந்தவை நூற்றுக்குப் பதின்மூன்றே என்றும் தெரியவந்தது. பாடநூலின் ‘இயல்பு’ நூற்றில் எண்பத்தேழுக்குப் பொருந்தவில்லை! முட்டை வெளிப்பட்ட பிறகு வரும் பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. அதற்கு முந்திய பகுதியே நீள்வதும் குறுகுவதும். எனவே 28 நாள் கணக்கை நம்பி ‘பத்திரமான நாள்’ பார்ப்பவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை.

நான் உங்களிடம் சொல்ல விரும்பியதில் முக்கியமான பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். ‘இயல்பான அளவு’ என்று ஆய்வுக்கூடத் தாளின் ஓரத்தில் அச்சிடுகிறார்களே, அது யாருடைய இயல்பு? நாற்று நடுபவளுடையதா, நாற்காலியில் அமர்ந்திருப்பவளுடையதா?

நேபாள நாட்டு மலைச்சரிவுகளில் வாழும் தாமாங் இனப் பெண்களிடம் ஆய்வு நடத்திய பான்டர்-பிரிக், எலிசன் முதலியோர் 1993இல் அதன் முடிவை வெளியிட்டனர். மழைக்காலம் அங்கே நடவுக்காலம். கடுமையான உழைப்பால் எடை குறைந்த பெண்களிடம் அம்மாதங்களில் புரோஜெஸ்டிரோன் தாழ்ந்திருந்தது. போலந்து நாட்டு உழவர் பெண்களை ஆராய்ந்த யாசியென்ஸ்கா என்னும் அம்மையார், எடை குறையாத நிலையிலுங்கூட, வேலைப்பளு மிகுந்த பருவத்தில் சினைப்பையின் சுரப்பு தாழ்வதை 1998இல் எடுத்துக் காட்டினார். உடல் தன் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறது. உண்பது குறைவு, உழைப்பது மிகுதி என்றால் கருவைச் சுமக்கும் செலவை அது ஒத்திப்போடுகிறது. 1944–45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சத்தில் சிக்கிய நெதர்லாந்து நகரங்களில் எத்தனையோ பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிற்று; அடுத்துவந்த மாதங்களில் பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன. பஞ்சம் தீர்ந்தபின் மீண்டும் வந்தது.

தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டு ஏழைப் பெண்களிடம் வர்ஜீனியா விட்சும் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஆய்வு செய்தனர். சிகாகோ நகரப் பெண்களைவிட அவர்களிடம் புரோஜெஸ்டிரோன் குறைவாகவே இருந்தது. அந்தக் குறைந்த அளவிலேயே அவர்கள் கருவுற்றனர் என்பதை 2004இல் வெளியான கட்டுரை காட்டிற்று. சிகாகோவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அப்பெண்கள் குறையுள்ளவர்கள். அவர்கள் இடுப்பிலிருந்த குழந்தைகளைப் பார்த்தால் குறை அளவுகோலில்! அறிவியலின் பெருமையே இதுதான், நண்பர்களே. தன் அளவுகோலைத் தானே திருத்திக்கொள்ள அது கூசுவதில்லை. பிறப்பை வைத்து மனிதனை அளந்த அளவுகோலை நம் நாட்டில் எத்தனை நூற்றாண்டு திருத்தாமல் வைத்திருந்தோம்!

ஏற்ற இறக்கம் இயல்பு என்று அறியாமையால் விளையும் கேட்டுக்கு ஒரு சான்று கூறுகிறேன். மகாராட்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடம் 2019இல் அம்மாநில அரசு ஆய்வு நடத்திற்று. ஆய்வுக்குட்பட்ட 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். அவர்களுள் பலர் நாற்பது வயதைத் தாண்டாதவர்கள். வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்குத் தண்டம் கட்ட வேண்டும். மாதவிடாய் அந்த வேலைக்கு இடையூறு. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போனவர்களிடம் “எடுத்துவிடு, தொல்லை விட்டது” என்று சொல்வதற்கும் ஆள் இருந்தார்கள். அப்பெண்கள் யார்? நிலமற்றவர்கள்; பெரும்பாலும் நம்மைப் போன்ற அடித்தட்டுச் சமூகத்தவர்கள். கருப்பையுடன் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுகிறது. எலும்பு தேய்கிறது, உடல் எரிகிறது. இயற்கை பல ஆண்டுகளில் படிப்படியாக இறக்கும் சுமையைக் கத்தி ஒரு நொடியில் தள்ளிவிடுகிறது. உயிர் காக்க அறுவை தேவைப்படும் நேரங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. இரண்டாவது மருத்துவர் ஒருவரை, அரசு மருத்துவமனையில், கேட்காமல் கையெழுத்திடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாதவிடாய் நிற்கும் பருவம் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் அது நிகழ்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் நேராக இறங்குவதில்லை. ஒரு மாதம் மிக உயர்ந்தும் மறு மாதம் தாழ்ந்தும் ஆடும். அக்காலத்தில் தாய்மார்க்கு உறக்கம் கெடும், காரணமின்றி வியர்க்கும், சினம் வரும். “கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது” என்று பேசும் மருமக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறொன்றும் சொல்வார்கள்: பெண்கள் மாதத்தில் சில நாள் ஒரு நிலையில் இருக்கமாட்டார்கள், ஆகையால் பெரிய பதவிக்கு ஆகார் என்று. ஆணின் டெஸ்டோஸ்டிரோன் காலையில் உயர்ந்து மாலையில் தாழ்வது மருத்துவ நூல்களில் உள்ள செய்தி. அதற்காகத் தலைமையாசிரியர் பிற்பகலில் கையெழுத்திடக் கூடாது என்று கல்வித்துறை இதுவரை ஆணை பிறப்பித்ததாகத் தெரியவில்லை.

எல்லாமே இயல்புதான் என்று வாளாவிருந்துவிடவும் கூடாது. வளர்ந்த பெண்ணுக்கு 21 நாளுக்குள் மீண்டும் மீண்டும் வந்தாலும், 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தாலும், கருவுறாமலே மூன்று மாதம் வராவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூப்பெய்திய முதலிரண்டு ஆண்டுகளில் 45 நாள் வரை தள்ளுவது பொதுவாக அஞ்சத்தக்கதன்று. பதினைந்து வயது நிறைந்தும் பூப்பெய்தாவிட்டால் காட்டுங்கள். எட்டு நாளுக்கு மேல் நீடிக்கும் உதிரப்போக்கு, கட்டி கட்டியாகப் போதல், நின்று ஓராண்டு ஆனபின் மீண்டும் உதிரம் தோன்றுதல் ஆகியவற்றை ஒரு நாளும் மறைக்காதீர்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்துப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாதந்தோறும் சிறிது சிறிதாக இழப்பதை ஈடுசெய்யும் உணவு வீட்டில் கடைசியாக உண்பவளுக்குக் கிடைப்பதில்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை மாணவிகள் சன்னல் வழியே எறிவதை நான் அறிவேன். எறியாதீர்கள்.

ட்ரெலோர் தம் மாணவிகளிடம் கொடுத்ததைப் போன்ற குறிப்பேடு, இரண்டு ரூபாய் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்தாலே அமைந்துவிடும். சங்கத்தின் மாலை வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளுக்குச் சிறு நாள்காட்டி ஒன்று தர இயலுமா என்று செயலாளர் அவர்களைக் கேட்டுள்ளேன். ஆவன செய்வதாகக் கூறியிருக்கிறார். மருத்துவரிடம் போகும்போது அந்தப் புள்ளிகள் ஆறு மாதத்துக்கு இருந்தால், அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடும்.

ஒதுக்கிய நேரத்தைச் சற்று மிஞ்சிவிட்டேன் என்று அவைத்தலைவர் குறிப்புக் காட்டுகிறார். நம் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் அம்மையார் அரங்கின் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். என்னிடம் கேட்கத் தயங்கும் தாய்மார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் பின்னறையில் அவரைத் தனியே கண்டு பேசலாம்.